பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் கட்டுமானத்தில் கூட்டுப்பணியும் கட்டடத் தகவல் மாதிரியாக்கமும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கட்டுமானத் திட்டங்களில் பல துறையினரின் கூட்டுப்பணியை ஒழுங்கு செய்யும் முறையாகக் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் உலகின் பல நாடுகளில் கையாளப்பட்டு வருகிறது. இதனை முப்பரிமாண வரைகலையாக மட்டும் கருதும் போக்கு பரவலாக உள்ளது. எந்தத் தகவலை, யார், எப்போது, யாருக்காக உருவாக்கித் தர வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் உடன்பாடே இம்முறையின் அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழிலுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதற்குரிய களமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பல உடைமையாளர்களையும் பல கட்டங்களாக விரிவடைந்த வரலாற்றையும் கொண்ட இந்நிலையங்களில், தகவல் தொடர்ச்சி என்பது தொழிலாளர் உயிர்ப் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கட்டடத் தகவல் மாதிரியாக்கம், பொதுத் தரவுச் சூழல், கூட்டுப்பணி, தோல் பதனிடுதல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பாலாறு

முன்னுரை

ஒரு கட்டுமானம் உருவாகும்போது அதனை முழுமையாக அறிந்தவர் என ஒருவரைச் சுட்டுவது கடினம். கட்டடக்கலைஞர் இடத்தையும் பயனையும் அறிவார். கட்டமைப்புப் பொறியாளர் சுமையை அறிவார். குழாய்ப் பணியாளர் ஓட்டத்தை அறிவார். கொத்தனார் அன்றைய நாள் உண்மையில் என்ன கட்டப்பட்டது என்பதை அறிவார். இவ்வறிவுகள் தாள் வரைபடங்களாகவும் அளவைப் புத்தகங்களாகவும் வாய்மொழி அறிவுறுத்தல்களாகவும் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவருக்குத் தெரியாமற் போவதால் மறுவேலை, காலதாமதம், வழக்கு, விபத்து ஆகியவை நேர்கின்றன.

இச்சிக்கலுக்கு விடையாக முன்வைக்கப்படுவதே கட்டடத் தகவல் மாதிரியாக்கம் ஆகும். 'பிம்' என்னும் சுருக்கப் பெயரால் இது அறியப்படுகிறது. வானுயர் கட்டடங்கள், விமான நிலையங்கள், மெட்ரோ இரயில் ஆகியவற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவது வழக்கம். இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ திட்டம், முப்பரிமாண மாதிரியோடு கால அட்டவணையையும் செலவையும் இணைத்த ஐந்து பரிமாண முறையைக் கையாண்டமைக்காகப் பலராலும் சுட்டப்படுகிறது. அத்தகைய திட்டங்களில் பெரும் நிதியும் ஒற்றை உரிமையாளரும் உண்டு. அவ்விரண்டும் இல்லாத களத்தில் இம்முறை என்ன பயன் தரும் என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகிறது.

1. ஆய்வுக்களம்: பலருக்கு உரிய ஒரு கட்டுமானம்

பாலாற்றுப் படுகையில் அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. முன்பு ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர்கள், 2019-ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. ஆவாரம் பட்டை முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு பதனிடும் பழைய முறையோடு, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் இங்கு வேரூன்றியது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. நாளொன்றுக்கு 5 டன் தோலைப் பதனிடும் ஆலையைக் கற்பனை செய்து, கிலோவுக்கு 35 லிட்டர் எனக் கணக்கிட்டால், அது 1,75,000 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றும். உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம், கரிமப் பொருள்கள் ஆகியவை இந்நீரில் கலந்திருக்கும். இதனைத் தனித்தனியே சுத்திகரிக்கும் நிதியோ நிலமோ சிறு ஆலைகளிடம் இல்லை. ஆகவே பல ஆலைகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. ஆம்பூரில் துத்திப்பட்டு, மாளிகைத்தோப்பு ஆகிய இடங்களிலும், வாணியம்பாடிப் பகுதியில் வளையாம்பட்டு, உதயேந்திரம் ஆகிய இடங்களிலும், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பகுதிகளிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன.

இவ்வளர்ச்சியில் நீதிமன்றத்தின் பங்கு முதன்மையானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியாகும் என அத்தீர்ப்பு உறுதிசெய்தது. பாலாற்று மாசுபாடு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பொன்றை வழங்கியுள்ளது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் பலமுறை மாற்றம் பெற்றன. 1990-களில் படிவுத்தொட்டி, காற்றூட்டத் தொட்டி என்ற அளவில் அமைந்தவற்றோடு, கழிவுநீரை வெளியே விடாத நிலையை எய்தும்பொருட்டு நுண்வடிகட்டிகளும் எதிர்ச் சவ்வூடுபரவல் அமைப்புகளும் ஆவியாக்கிகளும் பின்னர் இணைக்கப்பட்டன.

கூட்டுப்பணி நோக்கில் இந்நிலையங்களின் தன்மையை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, உடைமை பலருக்கு உரியது; உறுப்பு ஆலைகளே நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர்கள். இரண்டாவது, குடிசார் பணி, இயந்திரப் பணி, மின்பணி, சவ்வூடுபரவல் தொழில்நுட்பம் ஆகியவை வெவ்வேறு ஒப்பந்ததாரர்களின் பொறுப்பில் அமையக்கூடியவை. மூன்றாவது, கட்டுமானம் ஒரே காலத்தில் முடிவதில்லை. முதற்கட்டத்தைக் கட்டியவர் அடுத்த கட்டத்தின்போது களத்தில் இருப்பதில்லை. ஆகவே இங்குக் கூட்டுப்பணி என்பது ஒரே காலத்தில் பணிபுரிவோருக்கு இடையில் நிகழ்வதோடு நில்லாமல், வெவ்வேறு காலங்களில் பணிபுரிந்தோருக்கு இடையிலும் நிகழ வேண்டியதாகிறது.

2. கருத்தின் தோற்றம்

கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல், பண்புகளை உடைய பொருள்களின் தொகுதியாகக் கணினியில் பதிவுசெய்யலாம் என்ற எண்ணத்தைச் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1970-களின் நடுப்பகுதியில் முன்வைத்தார். வரைபடத்தில் ஒரு சுவர் இரண்டு இணைகோடுகள் மட்டுமே. தகவல் மாதிரியிலோ அதே சுவர் தன் நீளம், தடிப்பு, கான்கிரீட்டின் தரம், கம்பி விவரம், தாங்கக்கூடிய சுமை, கட்டிய நாள் ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட பொருளாக அமைகிறது. அதன் உயரத்தை ஓரிடத்தில் மாற்றினால் அனைத்து வெட்டுத்தோற்றங்களிலும் அளவைப் பட்டியலிலும் அம்மாற்றம் தானே இடம்பெறும்.

'கட்டடத் தகவல் மாதிரி' என்னும் தொடரை நெதர்லாந்து ஆய்வாளர்களான வான் நெடர்வீனும் டோல்மனும் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் கையாண்டனர். ஒரே கட்டடத்தைப் பல தரப்பினர் பல நோக்கில் காண்கின்றனர் என்பதும், அந்நோக்குகளை எவ்வாறு ஒருங்கே கையாள்வது என்பதுமே அக்கட்டுரையின் பொருள். எனவே கூட்டுப்பணி என்பது இக்கருத்தோடு பின்னாளில் ஒட்டப்பட்ட பயனன்று. தொடக்கம் முதலே அதன் உட்கூறாக இருந்தது.

வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் தமக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள ஐ.எஃப்.சி. என்னும் திறந்தநிலைக் கோப்பு வடிவம் உருவாக்கப்பட்டது. இது ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியம் 2016 ஏப்ரல் முதல் நடுவண் அரசின் கட்டுமானத் திட்டங்களில் இம்முறையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் தரநிலைகளை அடியொற்றி 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 தரத்தின் முதலிரு பகுதிகள் வெளிவந்தன. கட்டி முடித்தபின் இயக்கும் காலத்திற்குரிய மூன்றாம் பகுதி 2020-இல் வெளிவந்தது.

3. கூட்டுப்பணிக்கான விதிகள்

ஐ.எஸ்.ஓ. 19650 தரத்தில் மென்பொருளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அத்தரம் பெரிதும் பேசுவது பொறுப்புகளைப் பற்றியதாகும். அதன் அடிப்படைகளை நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, தகவல் தேவைக் குறிப்பு. பணியை ஒப்படைக்கும் தரப்பு, தனக்கு எந்தத் தகவல் எந்த நோக்கத்திற்காக எந்தக் கட்டத்தில் தேவை என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். 'முழு வரைபடங்களையும் ஒப்படைக்க வேண்டும்' என்ற பொதுவான விதியை விட, 'ஒவ்வொரு தொட்டிக்கும் அனுமதிக்கப்பட்ட மிகையளவு நிரப்பு உயரம், கொள்ளும் திரவத்தின் அடர்த்தி, உள்ளே இறங்கும் வழி ஆகியவற்றைப் பதிவுசெய்து தர வேண்டும்' என்ற விதி பயனுடையது.

இரண்டாவது, பொதுத் தரவுச் சூழல். திட்டத்தின் அனைத்துத் தகவலும் ஒரே ஒழுங்கின்கீழ்ச் சேமிக்கப்படும். ஒவ்வொரு கோப்பும் பணியில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகப்படுத்தப்பட்டது என்னும் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லச் சரிபார்ப்பும் ஒப்புதலும் தேவை. தாள் முறையில் களத்தில் உலவும் இரண்டு வரைபடங்களுள் எது இறுதியானது என்பதைத் தேதியைப் பார்த்து ஊகிக்க வேண்டியுள்ளது. இச்சூழலில் வெளியிடப்பட்ட நிலையில் உள்ளதை மட்டுமே கட்டுமானத்திற்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, கூட்டு மாதிரி. ஒவ்வொரு துறையினரும் தத்தம் மாதிரியைத் தாமே உருவாக்கித் தாமே பொறுப்பேற்கின்றனர். அம்மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துப் பார்க்கப்படுகின்றன. குழாய் மாதிரியில் உள்ள தவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர் கண்டறியலாம். ஆனால் திருத்தும் உரிமை குழாய் வடிவமைப்பாளருக்கே உண்டு. கூட்டாகப் பணிபுரியும்போதும் தனிப்பொறுப்பு மறையாமல் இருக்க இவ்வேற்பாடு துணைசெய்கிறது.

நான்காவது, சிக்கல் பதிவு. கண்டறியப்பட்ட ஒவ்வொரு சிக்கலும் அதன் இருப்பிடம், தீர்க்க வேண்டியவர், கெடு, தீர்வு ஆகியவற்றோடு பதியப்படுகிறது. தொலைபேசியில் சொல்லி முடித்த மாற்றம், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வருபவருக்கும் தெரியும் சான்றாக நிலைபெறுகிறது.

4. வடிவ மோதலும் பொருள் மோதலும்

இம்முறையின் பயனாகப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது மோதல் கண்டறிதல் ஆகும். உத்தரத்தைக் குழாய் ஊடுருவிச் செல்லுமாயின், கட்டுவதற்கு முன்பே கணினி அதனைச் சுட்டிக்காட்டும். புவியீர்ப்பால் ஓடும் கழிவுநீர்க் குழாய்களில் இது மேலும் முக்கியமானது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் 200 மீட்டர் செல்லும் குழாய் 2 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். வழியில் உள்ள மழைநீர் வடிகாலுக்காக அதனை அரை மீட்டர் உயர்த்தினால், அடுத்துள்ள சேகரிப்புக் கிணற்றின் நீர்மட்டம், பம்பின் திறன் ஆகிய அனைத்தும் மாற வேண்டியிருக்கும்.

தோல் கழிவுநீர் நிலையங்களில் வடிவ மோதலை விடக் கொடிய மற்றொரு மோதல் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. அக்கழிவுநீர் காரத்தன்மை உடையது. குரோமியப் பதனிடலுக்குரிய கழிவுநீர் அமிலத்தன்மை உடையது. சல்பைடு கொண்ட நீரோடு அமில நீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். மூடிய கிணற்றினுள் இவ்வாயு தேங்கும்போது, உள்ளே இறங்கும் தொழிலாளி சில மூச்சுகளிலேயே நினைவிழக்க நேரும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் உடன் மாய்வது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் அவலமாகும்.

இங்கு இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று முட்டவில்லை. வடிவ அளவில் மாதிரி முற்றிலும் சரியானது. குழாயினுள் ஓடுவது எது என்னும் தகவலில்தான் மோதல் உள்ளது. ஐ.எஃப்.சி. வடிவத்தில் ஒவ்வொரு குழாயையும் ஒரு வழங்கல் அமைப்பின் உறுப்பாக வகைப்படுத்தி, அதன் திரவத்தையும் பண்புகளையும் பதிவுசெய்ய இயலும். அவ்வாறு பதியப்பட்டிருப்பின், 'சல்பைடு ஓட்டமும் அமில ஓட்டமும் ஒரே கிணற்றில் சேரலாகாது' என்பதை ஒரு விதியாக எழுதி மாதிரி முழுவதையும் சோதிக்கலாம். இவ்விதியை எழுத வேதியியல் அறிந்தவர் வேண்டும். சோதிக்கப் பொறியாளர் வேண்டும். எந்த ஆலையின் எந்தக் குழாய் எங்கு இணைக்கப்பட்டுள்ளது எனச் சொல்லக் களப்பணியாளர் வேண்டும். இம்மூவரின் அறிவும் ஒன்றுசேரும் இடமாகத் தகவல் மாதிரி அமைகிறது.

5. இராணிப்பேட்டை நிகழ்வு எழுப்பும் வினாக்கள்

2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கப்பட்ட கட்டமைப்பின் சுவர் இரவில் உடைந்தது. வெளியேறிய கசடு அருகிலிருந்த தோல் ஆலையினுள் புகுந்ததில், அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர்.

அந்நிகழ்வின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தகவல் நோக்கில் அது எழுப்பும் வினாக்களே இங்குக் கருதத்தக்கவை. ஒரு தேக்கத்தில் எவ்வளவு உயரம் நிரப்பலாம் என்பதை யார் அறிவார்? அவ்வுயரத்தை மீறும் முடிவை எடுப்பவருக்கு அதன் விளைவு தெரியுமா? சுவருக்கு அப்பால் மனிதர் உறங்கும் இடம் உள்ளது என்பது வடிவமைப்பாளரின் வரைபடத்தில் இடம்பெறுமா?

முதல் வினாவின் கனத்தை ஓர் எளிய கணக்கு உணர்த்தும். திரவத்தின் பக்கவாட்டு அழுத்தம் ஆழத்திற்கு ஏற்ப அதிகரிக்கிறது. ஆகவே சுவரின்மீது செயற்படும் மொத்த விசை ஆழத்தின் இருமடிக்கும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் ஆழத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். 4 மீட்டர் ஆழத்திற்கு வடிவமைத்த தொட்டியில் 5 மீட்டர் நிரப்பினால், கூடிய ஆழம் கால் பங்கே ஆயினும் விசை 1.56 மடங்காகவும் கவிழ்க்கும் திருப்புத்திறன் 1.95 மடங்காகவும் உயரும். கசடு நீரினும் அடர்த்தி மிக்கதாயின் இவை மேலும் கூடும். தொட்டியின் சுவரை 'இன்னும் கொஞ்சம்' உயர்த்துவது களத்தில் சிறு வேலையாகத் தோன்றலாம். கட்டமைப்பு நோக்கில் அது புதியதொரு வடிவமைப்பு.

ஐ.எஸ்.ஓ. 19650-இன் மூன்றாம் பகுதி இத்தகைய மாற்றங்களைத் தூண்டல் நிகழ்வுகள் எனக் கொள்கிறது. பழுதுபார்த்தல், விரிவாக்கம், பயன் மாற்றம், விபத்து ஆகிய ஒவ்வொன்றின்போதும் தகவல் மாதிரி மறுபார்வைக்கு உட்பட வேண்டும். சுவரை உயர்த்தும் முடிவு இவ்வொழுங்கின்வழி எடுக்கப்படுமாயின், அனுமதிக்கப்பட்ட நிரப்பு உயரம் என்னும் பண்பு திரையில் எதிர்ப்படும். அதனை மாற்றக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் தேவைப்படும். அவ்வொப்புதல் பெயரோடும் நாளோடும் பதியப்படும்.

மூன்றாம் வினா மாதிரியின் எல்லையைப் பற்றியது. திட்ட எல்லைக் கோட்டோடு மாதிரியும் முடிந்துவிடுவது வழக்கம். ஆனால் தேக்கம் உடைந்தால் கசடு எல்லைக் கோட்டை அறியாது. அண்டைக் கட்டடங்களின் இருப்பிடத்தையும் மனிதர் தங்கும் பயனையும் எளிய கனசதுர வடிவிலாவது மாதிரியில் சேர்ப்பது, இத்தகைய நிலையங்களுக்கான தகவல் தேவைக் குறிப்பில் இன்றியமையாததாகக் கொள்ளப்பட வேண்டும்.

6. இயங்கிவரும் நிலையங்களுக்கான வழிமுறை

புதிய நிலையங்கள் மிகுதியாகக் கட்டப்படாத இவ்வட்டாரத்தில், இயங்கிவரும் நிலையங்களுக்கே தகவல் மாதிரி முதன்மையாகத் தேவைப்படும். அதனைப் படிப்படியாக உருவாக்கலாம்.

முதற்படியாக, தொட்டிகள், கிணறுகள், வெளியே தெரியும் குழாய்கள் ஆகியவற்றை லேசர் அளவீட்டின்வழி முப்பரிமாணப் புள்ளித் தொகுதியாகப் பதிவுசெய்யலாம். வேலூரில் உள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களுக்கு இது பொருத்தமான களப்பயிற்சியாகவும் அமையும். இரண்டாம் படியாக, லேசர் காட்டாதவற்றை, அதாவது புதைகுழாய்களின் போக்கு, அடைக்கப்பட்ட இணைப்புகள், வால்வுகளின் உண்மையான பயன் ஆகியவற்றை, நீண்டகாலம் பணிபுரியும் ஃபிட்டர், ஆபரேட்டர் ஆகியோரிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இதனை வாய்மொழி வரலாற்று ஆய்வைப் போன்ற பணியாகக் கருதலாம். சரிபார்க்கப்பட்டது, பணியாளர் கூற்று, ஊகம் என ஒவ்வொரு தகவலுக்கும் நம்பகத்தன்மையைக் குறிப்பதும் தேவை.

மூன்றாம் படியாக, பெயரிடலில் தமிழுக்கு இடம் தர வேண்டும். ஒரு தொட்டிக்கு வரைபடத்தில் ஒரு குறியீடும் பணியாளர் வழக்கில் வேறொரு பெயரும் இருக்குமாயின், ஆபத்து நேரத்தில் பயன்படுவது பின்னதே. ஐ.எஃப்.சி. கோப்பில் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. குறியீட்டோடு வழக்குப் பெயரையும் பதிவுசெய்து, தொட்டியருகே ஒட்டப்படும் கியூ.ஆர். குறியின்வழிக் கைப்பேசியில் அதனைத் தமிழிலேயே காணச் செய்யலாம். நான்காம் படியாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவு பெறும்போது அளிக்கப்படும் ஆவணங்கள் இம்மாதிரியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்டதும் கட்டப்பட்டதும் வெவ்வேறாக இருப்பின் அது எளிதில் புலப்படும்.

7. வரம்புகள்

இம்முறையின் வரம்புகளையும் சுட்டுவது தேவை. மென்பொருள் உரிமம், பயிற்சி, அளவீடு ஆகியவற்றின் செலவு சிறு ஆலைகளுக்குச் சுமையாகும். நிலையத்தின் பொதுச்செலவாக அதனைப் பகிர்ந்துகொள்வதும் கட்டற்ற மென்பொருள்களைக் கையாள்வதும் ஓரளவு துணைபுரியும். குறைந்த விலைப்புள்ளியை மட்டும் நோக்கும் ஒப்பந்த முறையில், தகவலைத் தரும் உழைப்புக்கு ஊதியம் ஒதுக்கப்படுவதில்லை. ஊதியமற்ற தகவல் தரமற்றதாகவே அமையும். வெளிப்படைத்தன்மையும் சிக்கலுக்குரியது. ஒவ்வோர் ஆலையின் கழிவுநீர் அளவும் தன்மையும் பதியப்படுவதை உறுப்பினர் சிலர் விரும்பாமல் இருக்கலாம். யாருக்கு எத்தகவல் தெரியலாம் என்பதை உறுப்பினர் உடன்பாடே தீர்மானிக்க வேண்டும். மேலும், புதுப்பிக்கப்படாத மாதிரி இல்லாத மாதிரியை விட ஆபத்தானது. அது தவறான உறுதியைத் தரும். அனைத்திற்கும் மேலாக, அறிந்தே விதியை மீறும் முடிவைத் தகவல் மாதிரி தடுத்துவிடாது. அம்முடிவு யாருடையது என்பதை மறைக்க இயலாமல் செய்வதே அதனால் ஆகக்கூடியது.

முடிவுரை

கட்டடத் தகவல் மாதிரியாக்கம் கூட்டுப்பணிக்குத் துணைபுரிவது, அனைவரையும் ஒரே திரையின்முன் அமர்த்துவதால் மட்டும் அன்று. தகவலுக்கு உரியவரையும் அதற்கான நோக்கத்தையும் காலத்தையும் ஒப்பந்தத்திலேயே வரையறுப்பதாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் சான்றோடு நிலைநிறுத்துவதாலும் அது துணைபுரிகிறது. வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள், பல உடைமையாளர், பல ஒப்பந்ததாரர், பல காலகட்டம் ஆகியவற்றின் கூட்டு விளைவுகள். அங்கு ஒரு குழாயில் ஓடுவது எது, ஒரு சுவர் தாங்குவது எவ்வளவு என்னும் தகவல்கள், கிணற்றில் இறங்குபவருக்கும் சுவரருகே உறங்குபவருக்கும் சென்றுசேர வேண்டியவை. இந்நிலையங்களுக்கான மாதிரித் தகவல் தேவைக் குறிப்பொன்றைத் தமிழில் உருவாக்குவதும், அதனை ஒரு நிலையத்திலேனும் களச்சோதனைக்கு உட்படுத்துவதும் அடுத்தகட்ட ஆய்வுக்குரிய பணிகளாகும். கட்டடப் பொறியியல், தோல் தொழில்நுட்பம், வேதியியல், தமிழ்க் கலைச்சொல்லாக்கம் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது.